மாவுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் இரண்டு விதமாகக் கொதித்தது. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த பிள்ளைகளுக்குச் சூடேற்றினால் கொதித்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்த பிள்ளைகளுக்குச் சூடேற்றி, ஆண்டவனும் மனது வைத்தால் கொதித்தது. அடுப்பு ஒன்றுதான், பாத்திரம் ஒன்றுதான், டீச்சரும் ஒருவர்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அறிவியல் வகுப்புதான் நடந்தது. பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்தது தவிர அதில் வேறு குறை இல்லை. பிறகு ஒரே வாரத்தில் இரண்டு புகார் வந்தது. முதலில் ஒரு பக்திமான் வந்தார். சூரியன் ஒருநாள் அணைந்துபோகும் என்று அவருடைய மகன் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டானாம். வீட்டில் யாருக்கும் அதற்குமேல் தொண்டையில் இறங்கவில்லையாம். அடுத்து ஒரு பகுத்தறிவாளர் வந்தார். பரீட்சை முடிந்து வந்த அவருடைய மகள் ‘அப்பாடா, கடவுள் காப்பாத்தினார்’ என்று சொன்னாளாம். அந்த வார்த்தையைப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு எங்கே பிடித்திருக்க முடியும் என்று கேட்டார். தலைமையாசிரியர் இரண்டு பேரையும் உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவர் ஒரு மன்றம் அமைத்தார்.

இல்லம்–அறிவியல் ஒத்திசைவு மன்றம் என்று அதற்குப் பெயர். ‘வீட்டுக்கேற்ற விஞ்ஞானம்’ என்பது அதன் முழக்கம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரைச் சங்கடப்படுத்தும் எதையும் பள்ளிக்கூடத்தில் கற்றுவிடக் கூடாது என்பது அதன் கொள்கை. ஊரில் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர் அதன் தலைவர் ஆனார். இரண்டு தரப்பையும் பிரித்து வைக்க அவரைவிடத் தகுதியானவர் யார்? வகுப்பறையின் நடுவே கெட்டியான பச்சைத் திரை ஒன்று தொங்கியது. நல்ல திரைதான். சத்தத்தை மட்டும் அது தடுக்கவில்லை.

அறிவியல் டீச்சர் பக்திப் பிரிவில் சால்வை போர்த்திக்கொண்டு பாடம் நடத்துவார். பாதி நேரம் ஆனதும் சால்வையை மடித்து வைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, திரையை விலக்கிக்கொண்டு பகுத்தறிவுப் பிரிவுக்கு வருவார். ஒருநாள் கோட்டு மாட்டிய பிறகும் ஞாபகப் பிசகில், “ஆண்டவன் புண்ணியத்துல இன்னைக்குக் கரண்ட் இருக்கு” என்று சொல்லிவிட்டார். மன்றம் அரை நாள் விசாரணை நடத்தியது. பகுத்தறிவுப் பிரிவு மட்டும் லேசுப்பட்டதா? அங்கே காலையில் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று, டீச்சர் சொல்லச் சொல்ல, ‘நான் எதையும் அப்படியே நம்ப மாட்டேன்’ என்று ஒரே குரலில் ஒப்பிக்க வேண்டும். சுவரில் ‘கேள்வி கேள்’ என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. அதை நம்பி, பூமி உருண்டை என்று முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்ட பையனை, அதெல்லாம் எப்போதோ நிரூபித்தாகிவிட்டது என்று சொல்லி வெளியே நிறுத்தினார்கள்.

நம்முடைய பேக்கரிக்காரருக்கு இதெல்லாம் முதலில் தெரியாது. ரொட்டி சுடும் அடுப்புக்கு முன்னால் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். கடவுள் உண்டா என்று யாராவது கேட்டால், “ஈஸ்ட் உண்டு, எனக்கு அது போதும்” என்பார். அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. துணியை இஸ்திரிப் பெட்டியால் ஒரு இழுப்பு இழுப்பதற்கு முன்புகூட, அந்தத் துணியைப் போர்த்தப்போகிற நோயாளிக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்கிற மனுஷி. இரண்டு பேரும் இதைப் பற்றிச் சண்டை போடாமல் வாழ்ந்துவந்ததற்குக் காரணம், சண்டை போட நேரமில்லை. மாலை ஷிப்டை இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டு வாங்கியிருந்தார்கள். மகளுக்குத் துணையாக எப்போதும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா?

அந்த மகளை வீட்டில் ‘ஏன்குட்டி’ என்று கூப்பிடுவார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. ரொட்டியின் மேல்தோல் ஏன் சிவக்கிறது, உள்ளே ஏன் வெளுத்திருக்கிறது, வேண்டிக்கொள்ளும்போது அம்மா ஏன் கண்ணை மூடுகிறாள், மூடாவிட்டால் ஏன் கேட்காது என்று நாள் முழுக்க நச்சரிப்பாள். பேக்கரிக்காரருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஒருநாள் மன்றத்திலிருந்து இருவருக்கும் அழைப்பு வந்தது. போனார்கள். வகுப்பறையைத் தாண்டித்தான் மன்ற அறைக்குப் போக வேண்டும். போகிற வழியில் அவர் மகளைப் பார்த்தார். சரியாகத் திரைக்கு அடியில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். திரையின் விளிம்பு அவள் மடியில் கிடந்தது. அவள் இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையைத் திருப்பிக்கொண்டு, என்றும் இல்லாத சந்தோஷத்தில் இருந்தாள்.

“உங்க வீடு என்ன வீடு?” என்று தலைவர் கேட்டார்.

“வாடகை வீடு சார்” என்றார் பேக்கரிக்காரர்.

“அதக் கேக்கலீங்க. கடவுள் இருக்கற வீடா, இல்லாத வீடா?”

பேக்கரிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“இவ இருக்கறப்ப உண்டுங்க. நான் இருக்கறப்ப இல்லை.”

தலைவர் வருத்தத்தோடு தலையாட்டினார். “அதான் பிரச்சினை. கலப்பு வீடு. பாப்பாவ எந்தப் பக்கம் போடறதுன்னு தெரியாம நடுவுல வெச்சிருக்கோம்.”

“நடுவுலயே இருக்கட்டுமே சார். ரெண்டு பக்கமும் காதுல விழுது. அவளும் சந்தோஷமாத்தான் இருக்கா.”

“அய்யய்யோ, அதாங்க ஆபத்து!” தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “ரெண்டையும் கேட்டா ஒப்பிட்டுப் பாக்க ஆரம்பிச்சிடுவா. அப்புறம் எந்த வீட்டுக்கும் ஆக மாட்டா. குழந்தை மனசு வெள்ளைத் துணிங்க. நான் துணி வியாபாரி, அனுபவத்துல சொல்றேன். வெள்ளைத் துணிய வெள்ளையாவே வெச்சிருந்தா யாரும் சீண்ட மாட்டாங்க. ஒரு சாயம் ஏத்திட்டா உடனே வித்துப் போயிடும். என்ன சாயம்ங்கறதுல மன்றம் தலையிடாது. சாயம் இல்லாம இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

அதோடு வழியும் சொன்னார். மன்றம் எதையும் அறிவியல் முறைப்படிதான் முடிவு செய்யுமாம். கலப்பு வீடுகள் ‘இல்லச் சோதனை’ ஒன்று நடத்த வேண்டும். ஒரே மாதிரி இரண்டு பொருள். ஒன்றுக்குப் பிரார்த்தனை உண்டு, மற்றதற்கு இல்லை. பிரார்த்தனை ஜெயித்தால் பிள்ளை பக்திப் பிரிவுக்கு. தோற்றால் பகுத்தறிவுப் பிரிவுக்கு. பிள்ளையே மன்றக் கூட்டத்தில் முடிவைப் படிக்கும். எந்த அறிவியல் உண்மை என்று அறிவியலே சொல்லிவிடும் என்று தலைவர் சொன்னபோது அவருக்கே புல்லரித்தது.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி மெதுவாகச் சொன்னாள். “என்னங்க, அவ பக்திப் பக்கமே இருக்கட்டும். நாளைக்கு நாம ரெண்டு பேரும் இல்லாம போயி, ஏதாவது ஒரு பயம் வந்தா, அவ யாரக் கூப்பிடுவா?”

“கேள்வி கேக்கறத நிறுத்திட்டான்னா அப்புறம் அவ அவளாவே இருக்க மாட்டாம்மா” என்றார் அவர். இரண்டு பேருக்கும் பயம்தான். இருவருமே மற்றவரின் பயத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

என்ன சோதனை செய்வது என்று ஏன்குட்டிதான் முடிவு செய்தாள். பேக்கரிக்காரர் மகள் வேறு எதைச் செய்வாள்? ரொட்டி மாவு. ஒரே அளவு மாவு, தண்ணீர், ஈஸ்ட். பிசைந்து இரண்டாகப் பிரித்து இரண்டு கண்ணாடி பாட்டிலில் போட வேண்டும். மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட். அம்மா வேண்டிக்கொள்ளும் பாட்டிலுக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம். பள்ளி விட்டு வந்ததும் மூன்று பேரும் சேர்ந்திருக்கும் கொஞ்ச நேரத்தில் இதெல்லாம் முடிந்துவிடும். அம்மா சிவப்புப் பாட்டிலின் மேல் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு யாருக்கு ஷிப்டோ அவர் கிளம்பிவிடுவார். ஏன்குட்டி கீழே போய்க் கயிறு தாண்டிவிட்டு வருவாள். வந்ததும் ரப்பர் பேண்டிலிருந்து மாவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பாள். எல்லாம் ரொம்ப ஒழுங்கு. பேக்கரிக்காரருக்கு அவளைப் பார்த்தால் கண் நிறைந்தது.

முதல் நாள் அவர்தான் வீட்டில் இருந்தார். எதையும் தொடும் எண்ணம் அவருக்கு இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். சும்மா எட்டிப் பார்த்தார். சிவப்புப் பாட்டில் ஜன்னல் பக்கம் இருந்தது. அதன் மேல் மாலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. அதில் மாவு ஒரு நகக்கண் அளவு முந்தியிருந்தது.

வெயில்தான் காரணம் என்று அவருக்குத் தெரியும். மகளைக் கூப்பிட்டு, ‘பாட்டில இடம் மாத்தி வெச்சுப் பாரும்மா’ என்று சொல்லியிருக்கலாம். ஒரு தகப்பன் மகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் மன்றத்தின் ஞாபகம் வந்தது. சால்வை போர்த்திய டீச்சரின் ஞாபகம் வந்தது. ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, நீலப் பாட்டிலை அதில் இறக்கி வைத்துவிட்டார். உண்மை தோற்றுவிடக் கூடாதே என்று உண்மைக்கு ஒரு சின்னக் கை கொடுப்பதில் என்ன தப்பு என்று அவருக்கு அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். மகள் வந்து ஸ்கேல் வைத்தபோது நீலம் இரண்டு விரல் உயரத்தில் ஜெயித்திருந்தது. “ஜெயிச்சிட்டீங்கப்பா!” என்றாள் அவள். அவருக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவர் வேலை முடிந்து வந்தபோது சிவப்பு ஜெயித்திருந்தது. அதுவும் பாட்டிலின் வாய்வரைக்கும். அவருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வெயிலும் இல்லாத நாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ‘ஒருவேளை இருக்கிறாரோ’ என்றுகூட அவருக்குத் தோன்றிவிட்டது. தண்ணீர் குடிக்கப் போனவர் அடுக்களை மூலையில் ஒரு துண்டைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் மடிக்கிற மாதிரி, விளிம்போடு விளிம்பு பிசகாமல் மடித்த துண்டு. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. துண்டில் மாவு ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தார். இஸ்திரி போட்ட மொறமொறப்பு இன்னும் இருந்தது.

அவருக்கு முதலில் குபீரென்று சந்தோஷம் வந்தது. பிடித்துவிட்டோம்! மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார். கூப்பிட்டு என்ன கேட்பது? ‘உன் கடவுள் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?’ என்று கேட்கலாம். ‘உங்க விஞ்ஞானத்து மேல உங்களுக்கு இருந்ததா?’ என்று அவள் திருப்பிக் கேட்பாள். முந்தின நாள் மேஜையில் அவர் துடைக்க மறந்த ஈர வட்டத்தை அவள் துடைத்து வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தார். அவளுக்கும் தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் கணவனும் மனைவியும் அவ்வளவு ஒற்றுமையாக எதையும் மறைத்ததில்லை.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒருவர் நிறுத்தி மற்றவர் நிறுத்தாவிட்டால்? அதனால் அவர் இருக்கும் நாளில் நீலமும், அவள் இருக்கும் நாளில் சிவப்பும் தவறாமல் பொங்கின. ஏன்குட்டி ஒவ்வொரு நாளும் குனிந்து, ஒரு கண்ணை மூடி, ஸ்கேல் வைத்து, எழுதிக்கொண்டாள். ஒருநாள் இருவரும் இருக்கும்போது கேட்டாள்.

“அப்பா, மாவுக்கு எப்படித் தெரியும்?”

“என்ன தெரியும்?”

“யாரு வீட்ல இருக்காங்கன்னு. நீங்க இருந்தா உங்க பாட்டில் பொங்குது. அம்மா இருந்தா அம்மா பாட்டில் பொங்குது. மாவுக்குக் கண்ணு இல்லையே. எப்படித் தெரியும்?”

“அது வந்தும்மா... ஈரப்பதம்... காற்றழுத்தம்... நொதித்தல்ல நிறைய விஷயம் இருக்கு” என்றார் பேக்கரிக்காரர். மகளிடமிருந்து ஒன்றை ஒளிப்பதற்காக அறிவியலை அவர் எடுத்தது அதுதான் முதல் தடவை. மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, “எல்லாம் அவன் சித்தம்மா” என்றாள். அவள் கடவுளை அந்தக் காரியத்துக்குக் கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஏன்குட்டி இரண்டு பேர் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஓ” என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த ‘ஓ’ அவர் நெஞ்சை அறுத்தது. எவ்வளவு நச்சரித்தாலும் பதில் கிடைக்கும்வரை விடாத குழந்தை. அவள் கேள்வி கேட்பதைக் காப்பாற்றத்தானே அவர் வெந்நீர் வைத்தார்? அன்றைக்குப் பேக்கரி அடுப்படியில் அவர் கருகவிட்ட ரொட்டியைப் பார்த்து முதலாளி திட்டினார். திட்டட்டும், இன்னும் நாலு திட்டுத் திட்டட்டும் என்று இருந்தது அவருக்கு.

மன்றக் கூட்டம் வந்தது. பெற்றோர் எல்லாம் வந்திருந்தார்கள், பக்திமான்கள் ஒரு பக்கமும் பகுத்தறிவாளர்கள் மறுபக்கமுமாக. இரு பிரிவுக்கும் பொதுவான கூட்டம் என்பதால் டீச்சர் கோட்டையும் மாட்டி அதன் மேல் சால்வையும் போர்த்தி வேர்த்துக்கொண்டிருந்தார். ஏன்குட்டி மேடை ஏறினாள். செய்த முறையை ஒழுங்காகச் சொன்னாள். பிறகு முடிவைப் படித்தாள்.

“அப்பா வீட்ல இருந்தா வேண்டிக்காத மாவு அதிகமாப் பொங்குது. அம்மா வீட்ல இருந்தா வேண்டிக்கிட்ட மாவு அதிகமாப் பொங்குது. ஒரு தடவைகூட மாறல. அதனால மாவு, வீட்ல யாரு இருக்காங்களோ அவங்களுக்குத் தகுந்த மாதிரி பொங்கும்.” கொஞ்சம் நிறுத்தினாள். காகிதத்தை மடித்தாள். “அவ்வளவுதான்.”

எங்கிருந்தாவது யாராவது ஒருவர் சிரிப்பார் என்று பேக்கரிக்காரர் எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. தலைவர் எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“பெரியோர்களே! இத்தனை வருஷமா இந்த மன்றம் எதை வாயால சொல்லிக்கிட்டு இருந்துச்சோ, அதை இந்தக் குழந்தை நிரூபிச்சுக் காட்டிடுச்சு. வீட்டுக்கேற்ற விஞ்ஞானம்! எங்கயோ ஒரு உண்மை இருக்கு, அது எல்லா வீட்டுக்கும் ஒண்ணுன்னு சொல்லிச் சொல்லி நம்மள ஏமாத்திட்டாங்க. சாதாரண மாவுக்கு இருக்கற இங்கிதம் பாடப்புத்தகத்துக்கு இல்லாமப் போச்சே! உண்மைன்னா என்ன? வீட்டுக்காரங்க மனசு நோகாம நடந்துக்கறதுதான் உண்மை!”

இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். அந்த மன்றத்தின் வரலாற்றில் இரண்டு பக்கமும் சேர்ந்து கைதட்டியது அதுதான் முதல் தடவை என்றார்கள். பேக்கரிக்காரர் மேடையைப் பார்த்தார். மகள் கைதட்டலுக்கு நடுவே, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் நின்றாள். இனி உட்கார்ந்திருந்தால் தான் தகப்பனே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. எழுந்துவிட்டார்.

“சார், நிறுத்துங்க. அது பொய் சார். நான் வெந்நீர் வெச்சேன்.”

“என்ன வெச்சீங்க?”

“வெந்நீர். பாட்டிலுக்கு அடியில. மாவு சூடு இருந்தா சீக்கிரம் பொங்கும். அவ கீழ விளையாடப் போனதும் திருட்டுத்தனமா வெச்சேன். பாப்பா அளந்ததுல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்மேலதான்.”

அவர் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. மனைவி எழுந்து நின்றாள். “நானும்தாங்க. துண்ட இஸ்திரி போட்டுச் சூடா சுத்தி வெச்சேன்” என்றாள். அவளைப் பார்த்ததும் அவருக்கு, கல்யாணமான நாளிலிருந்து அன்றுவரை வராத ஒரு மரியாதை அவள் மேல் வந்தது.

டீச்சர் சால்வை நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். தலைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மைக்கை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“கேட்டீங்களா? வெந்நீர்! துண்டு! இதுக்குப் பேருதான் பெற்றோர் பங்களிப்பு. விஞ்ஞானத்தைத் தனியா விட்டா அது பாட்டுக்கு எப்படி வேணா பொங்கும். வீடுதான் பக்கத்துல இருந்து சூடு குடுக்கணும். இந்தத் தம்பதி ரகசியமாப் பண்ணத இனிமே எல்லாரும் பகிரங்கமாப் பண்ணலாம்னு மன்றம் தீர்மானம் போடுது!”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தப்பை ஒத்துக்கொண்ட இருவருக்கும் பாராட்டு. கலப்பு வீட்டுப் பிள்ளைகளுக்காக மூன்றாவதாக ஒரு பிரிவு. அதில் ஒருநாள் அந்த அறிவியல், மறுநாள் இந்த அறிவியல். தலைவர் அங்கேயே பையிலிருந்து டேப்பை எடுத்து, புதுத் திரைக்கு அகலம் பார்த்துவிட்டார். ஏன்குட்டிக்குப் பரிசாக ஒரு பூதக்கண்ணாடி. மன்றத்தின் பெயர் அச்சடித்த ஸ்டிக்கரைக் கண்ணாடிக்கு நட்டநடுவில் ஒட்டியிருந்தார்கள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஏன்குட்டி ஜன்னல் பக்கம். தங்களைத் திட்டுவாள், அழுவாள் என்று பேக்கரிக்காரர் காத்திருந்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சுக்கோம்மா. அப்பா உன்ன ஏமாத்திட்டேன்.”

“தெரியும்ப்பா.”

“அங்க நான் சொன்னப்பத்தானே தெரியும்?”

“இல்லப்பா. முன்னாடியே தெரியும். ஒருநாள் ரெண்டு பாட்டிலையும் பையில போட்டு மாடி வீட்டு அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வெச்சேன். அம்மா வேண்டிக்கிட்டதும் இருந்துச்சு, வேண்டிக்காததும் இருந்துச்சு. ரெண்டும் ஒரே உசரம்தான் வந்துச்சு. அன்னைக்கு நீங்கதான் வீட்ல இருந்தீங்க. நான் திரும்பி வந்தப்ப, பாட்டில் எங்கேன்னு நீங்க கேக்கவே இல்ல.”

அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. வெந்நீர்க் கிண்ணத்தோடு மேஜைக்கு முன்னால் முழித்துக்கொண்டு நின்றதும், கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்ததும்.

“அத ஏம்மா மேடைல படிக்கல?” என்றாள் அம்மா. “அதானே நெசமான முடிவு?”

“படிச்சா உங்க ரெண்டு பேருக்கும் எல்லார் முன்னாடியும் அசிங்கம்ல. அதான் அத மட்டும் விட்டுட்டேன்.”

கடவுளுக்காக ஒருத்தியும் உண்மைக்காக ஒருவருமாக மெனக்கெட்டு, இரண்டு பேரும் சேர்ந்து மகளுக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். பேக்கரிக்காரருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும் போல இருந்தது.

“ஆனா நாங்களே எழுந்து சொல்லிட்டோமேம்மா” என்றார்.

“நீங்க சொல்லுவீங்கன்னு நான் நினைக்கலப்பா.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மேடையில் முடிவைப் படித்த அதே குரலில் சொன்னாள்.